பாத்தி முந்தி, நாற்று பிந்தி

2022 ஜூன் மாதம் இலங்கை அமைச்சரவை அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தது, மூன்று மாதத்துக்கு. வீட்டிலிருந்து மரக்கறி பயிரிடுங்கள் என்பதே அதன் நோக்கம். டொலர் தீர்ந்து, பெற்றோல் வரிசை நீண்டு, பசளை மூட்டை கண்ணில் படாத காலம் அது. அந்த வருடம் கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் மண்வெட்டி பிடித்தறியாத பலர் பாத்தி கட்டினார்கள். கழுவி வைத்த யோகட் கோப்பைகளின் அடியில் ஓட்டை போட்டு, கறிமிளகாயும் தக்காளியும் கத்தரியும் போட்டு முளைக்க வைத்தார்கள். முளைக்க வைப்பது பெரிய வித்தை இல்லை. வில்லங்கம் அதற்குப் பிறகுதான். கோப்பையில் நிமிர்ந்து நின்ற நாற்று மண்ணுக்கு மாற்றிய மறுநாள் மத்தியானம் தலையைத் தொங்கப் போடும். பார்த்தவர் பதறிப்போய் ஒரு கை கோழி எருவைக் காலடியில் கொட்டுவார். அத்தோடு அதன் கதை முடியும்.

வாடிய நாற்றுக்குப் பசி இல்லை, தாகம். அந்தத் தாகமும் மண்ணில் தண்ணீர் இல்லாததால் வந்ததல்ல. மண் நனைந்திருக்கலாம், சேறாகவே கூட இருக்கலாம். வேருக்கும் மண்ணுக்கும் இடையில் இருந்த தொடுகை அறுந்துவிட்டது, அவ்வளவுதான். நாற்று மாற்றுவது பற்றிய அறிவியல் முழுவதும் அந்தத் தொடுகை மறுபடி உண்டாகும் வரை செடியை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்ற கேள்வியைச் சுற்றியே ஓடுகிறது. சேதனப் பாத்தியாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். நாற்று வந்து சேரும் நாளில் அந்தப் பாத்தி தயாராக இருக்கிறதா?

செடி தண்ணீர் குடிப்பது கண்ணுக்குத் தெரியும் தடித்த வேரால் அல்ல. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் வெல்வெட்டுப்போல் படர்ந்திருக்கும் வேர்மயிர்கள்தான் மண்துகள்களுக்கு இடையில் புகுந்து நீர்ப்படலத்தைத் தொடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கலத்தின் நீட்சி. ஆயுள் சில நாள், மிஞ்சினால் சில வாரம். 1937இல் ஹோவார்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் நான்கு மாதம் பெட்டியில் வளர்ந்த ஒரேயொரு ரை தானியச் செடியை எடுத்து, மண்ணைக் கழுவி, வேரை அளந்தார். எல்லா வேர்களையும் நீட்டி வைத்தால் 622 கிலோமீற்றர் வந்தது. வேர்மயிர்கள் சுமார் 1,400 கோடி, அவற்றின் மொத்த நீளம் 10,000 கிலோமீற்றருக்கும் மேல். இவ்வளவும் இரண்டு கனஅடிக்கும் குறைந்த மண்ணுக்குள். 622ஐ 120 நாளால் பிரித்தால் நாளொன்றுக்கு 5 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம் வருகிறது. தன் தொடுகையைச் செடி ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கை நான் கண்டதில்லை.

நாற்றைக் கோப்பையிலிருந்து உருவும்போது அறுவது இந்த மயிர்கள்தான். தடித்த வேர் முழுசாக வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேரைச் சுற்றிய தும்புக் கட்டி உடைந்து தூள் உதிர்ந்தால் குடிக்கும் வாய் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சம் இருப்பதும் புதிய குழிக்குள் மண்ணை முழுதாகத் தொடாமல், இடையில் காற்று நிறைந்த வெளியில் தொங்கும். காற்றிடைவெளியைத் தாண்டித் தண்ணீர் வராது. நட்டவுடன் மண்ணை மெல்ல அழுத்தித் தண்ணீர் விடச் சொல்வது செடியின் தாகம் தீர்க்க மட்டுமல்ல. ஓடும் நீர் நுண்மண்ணை இழுத்துச் சென்று அந்த வெளிகளை அடைக்கிறது.

நெல் நாற்றைப் பார்த்தே வளர்ந்த சமூகம் நாம். பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் நடுகிறோம், சாவதில்லை. ஒரு வாரம் மஞ்சளித்துப் பின் எழும்பிவிடுகிறது. சேற்றில் காற்றிடைவெளி கிடையாது என்பது அதன் இரகசியம். வேர் எங்கே தொட்டாலும் தண்ணீர். அந்தப் பழக்கத்தை மேட்டு நிலத்துக் கறிமிளகாயிடம் காட்டக் கூடாது.

வேரின் பக்கம் வரவு நின்றுவிட்டது. இலையின் பக்கம் செலவு நிற்பதில்லை. செடி உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் இலைவாய்கள் வழியே ஆவியாகப் போகிறது. எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைக் காற்றின் வறட்சி தீர்மானிக்கிறது. இலையின் உட்புறம் எப்போதும் ஈரத்தால் நிறைந்திருக்கும். வெளிக்காற்று எவ்வளவு குறையோடு இருக்கிறதோ, அவ்வளவு இழுவை. கண்டியில் மழை தூறும் ஓர் ஐப்பசி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வெப்பம் 22 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம். அந்தக் காற்றின் ஆவியழுத்தக் குறை ஏறத்தாழ 0.26 கிலோபஸ்கால். மாசி மாதத்தில் வெயில் எரிக்கும் ஒரு பிற்பகல், 30 பாகை, 55 சதவீதம் என்றால் குறை 1.9 கிலோபஸ்கால். ஏழு மடங்கு! அதே நாற்று, அதே மண், அதே கை. நடும் நாளையும் நேரத்தையும் மாற்றினால் போதும், செலவு ஏழில் ஒன்றாகிறது. பின்னேரத்தில் நடு என்று பெரியவர்கள் சொன்னதில் சாத்திரம் ஒன்றும் இல்லை, பௌதிகம்தான் இருக்கிறது. பின்னேரம் நட்டால் வேருக்கு ஒரு முழு இரவு கடன் கிடைக்கிறது.

இந்தப் பௌதிகத்தை ஒரு லண்டன் வைத்தியர் தற்செயலாகக் கண்டுபிடித்ததன் பலனை இலங்கை நேரடியாக அனுபவித்தது. நத்தானியல் பாக்ஷோ வார்ட் 1829இல் மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஈரமண்ணில் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை வைத்திருந்தார். பூச்சியைவிட சுவாரசியமாக, அந்த மண்ணில் தானே ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. புகையும் கரியும் மண்டிய லண்டனில் வெளியே வைத்த பன்னங்கள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தபோது இவை தண்ணீர் ஊற்றாமலேயே வளர்ந்தன. ஆவியாகப் போன நீர் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து மண்ணுக்கே திரும்பியது. 1833இல் அவருடைய கண்ணாடிப் பெட்டிகள் சிட்னிக்குக் கப்பலேறி, செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை நீண்ட கடற்பயணத்தில் அனுப்பும் செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றிலும் தாகத்திலும் மடிவதே வழக்கம்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் 1,919 நாற்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அப்போது பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்தவர் ஜோர்ஜ் துவைட்ஸ். வந்திறங்கியவற்றுள் மிகப் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. அவற்றுக்கென்றே கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு வேராக அமைந்தது ஒரு வெற்றிகரமான நாற்று மாற்றம் என்று சொல்லலாம். அதன் பின்னால் இருந்த குடியேற்றவாத அரசியலும், கூலியாக வந்தவர்களின் வாழ்வும் வேறொரு கட்டுரைக்குரிய விடயங்கள். இங்கே பார்க்க வேண்டியது பெட்டிக்குள் நடந்ததைத்தான். ஈரம் நிறைந்த காற்றில் இலையின் செலவு பூச்சியத்துக்கு அருகே போனதால் வேருக்கு அவசரமே இருக்கவில்லை.

ஆனால் பெட்டிக்குள் சுகமாக வளர்ந்த செடியை ஒரேயடியாக வெயிலுக்கு எடுத்தால் அது செத்துப்போகும். நிழலிலும் ஈரத்திலும் விரிந்த இலையில் மெழுகுப்படை மெல்லியது, இலைவாய்கள் சட்டென்று மூடப் பழகாதவை. உள்ளே இருக்கும் ஒளித்தொகுப்புக் கருவி குறைந்த வெளிச்சத்துக்காகக் கட்டப்பட்டது. உச்சி வெயில் பட்டால் வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழி தெரியாமல் அது தன்னையே சுட்டுக்கொள்கிறது. இலையில் வெள்ளைத் திட்டு விழுவது அதனால்தான். விரிந்து முடிந்த நிழலிலை பிற்பாடு முழுமையான வெயிலிலையாக மாறுவதும் இல்லை. மாற்றிய பிறகு வரும் முதல் புதிய இலையே அந்த இடத்துக்கான இலை. பழைய இலைகள் அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

எனவே நாற்றைக் கடினப்படுத்த வேண்டும். ஏழு முதல் பத்து நாள் வரை வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரைச் சற்றுக் குறைத்து, காற்றில் ஆட விட்டால் மெழுகு தடிக்கும், தண்டு உறுதிப்படும். சிறு தாகம் கண்ட செடி அப்சிசிக் அமிலம் என்ற ஓமோனைச் சுரக்கும். அது இலைவாய்களை மூடச் சொல்லும் சமிக்ஞை. அந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்த நாற்று, நட்ட மத்தியானம் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்கும்.

மலையகத்தில் இதை எவரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாளிலிருந்து இன்று வரை தோட்டத்து வேலையின் ஒரு பாதி நாற்றுத் தவறணையில்தான் தொடங்குகிறது. இப்போது விதை இல்லை. ஒரு இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டை நீளமான பொலித்தீன் பைக்குள் குத்தி வைக்கிறார்கள். வேரே இல்லாத துண்டு அது. அதற்கு வேர் வரும் வரை பொலித்தீன் கூடாரத்தின் ஈரக்காற்றுத்தான் காவல், அதாவது வார்ட்டின் பெட்டியேதான். வேர் பிடித்ததும் கூடாரம் திறக்கும். பிறகு மேலே போட்ட நிழல் படிப்படியாகக் கழற்றப்படும். துண்டு குத்திய நாளிலிருந்து மலைக்கு ஏறும் நாள் வரை பல மாதங்கள். இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்தத் தட்டுக்கு இன்று நிழலைக் கழற்றலாம் என்று இலையைத் தொட்டே சொல்லிவிடுவார்கள். ஆவியழுத்தக் குறையை அளக்கும் கருவிகளில் இவர்களுடைய விரல்களையும் நான் சேர்ப்பேன்.

பையா, தட்டா, கோப்பையா என்று கேட்டால், எதில் வளர்த்தாலும் காலம் தவறக் கூடாது என்பதே என் பதில். வழுவழுப்பான பிளாஸ்ரிக் சுவரைத் தொட்ட வேர் திரும்பிச் சுற்றத் தொடங்கும். சுற்றிய வேர் மண்ணுக்குப் போன பிறகும் அதே வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும். அப்படிக் கண்டால் வெளிச்சுற்றை விரலால் தளர்த்தி விடலாம். சில வேர் அறுந்தாலும் நட்டமில்லை, புதுக் கிளைவேர் வெளிப்பக்கம் போகும். நாலைந்து உண்மை இலை வந்ததும் மாற்றுவது நல்லது. கரட், முள்ளங்கி போன்று ஆணிவேரையே நாம் சாப்பிடும் பயிர்களை மாற்றவே கூடாது. அவற்றை இடத்திலேயே விதைக்க வேண்டும்.

தும்புத்தூளில் வளர்த்த நாற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதிகம் பேசப்படாதது. தும்புக் கட்டியும் சுற்றியுள்ள களிமண்ணும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை. கட்டியின் தலை மண்ணுக்கு வெளியே தெரிந்தால், அது திரிபோல வேலை செய்து உள்ளிருக்கும் ஈரத்தைக் காற்றுக்கு ஏற்றிவிடும். சுற்றிலும் மண் ஈரமாக இருக்க, நடுவில் வேர் உள்ள கட்டி மட்டும் காய்ந்துபோகும். விரலளவு மண்ணால் அதை மூடிவிட்டால் தீர்ந்தது. தக்காளியைக் கொஞ்சம் ஆழமாகவே புதைக்கலாம், அதன் தண்டே வேர் விடும்.

இனிப் பாத்திக்கு வருவோம். கண்டியைச் சுற்றிப் பரவலாக இருப்பது செங்கபில நிற மண். கோடிக்கணக்கான மழைகள் கழுவியதில் கல்சியமும் மக்னீசியமும் போய், இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் மிஞ்சி நிற்கும் மண். வடிகால் நன்றாக இருக்கும். ஆனால் புளிப்பு. பீஎச் 5க்குக் கீழே போனால் களியில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வெளிவரும். கரைந்த அலுமினியம் முதலில் தாக்குவது வேர்நுனியை. நுனி தடித்து, குட்டையாகி, கிளைக்காமல் நின்றுவிடும். மயிர் இழந்த நாற்று அவசரமாக மயிர் வளர்க்க வேண்டிய நேரத்தில் அதன் நுனியே முடங்கினால் என்ன ஆகும்! தேயிலை இந்தப் புளிப்பில்தான் செழிக்கிறது, தனக்குள் அலுமினியத்தைச் சேமிக்கவும் அதற்குத் தெரியும். தக்காளிக்குத் தெரியாது. தேயிலைக் காணியை வெட்டி மரக்கறிப் பாத்தி போடுபவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இது.

மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. திகனைப் பக்கம் நிலத்துக்கடியில் சலவைக்கல் பாறை ஓடுகிறது, அதன் தூளான டொலமைட் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று. அதை மண்ணில் கலந்தால் புளிப்பு இறங்கும், ஆனால் கல் கரைய நேரம் வேண்டும். நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு டொலமைட் தூவுவது வீண். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே அது மண்ணில் இருக்க வேண்டும். எப்பாவல பொசுபேற்றுப் பாறைத்தூளும் அப்படித்தான், மெல்லத்தான் கரையும். புளித்த மண்ணில் கொஞ்சம் வேகமாகக் கரைவது அதன் நல்ல குணம். ஆனாலும் மூன்று மாதப் பயிருக்கு அது பெரிதாக உதவாது, தேயிலை, தென்னை போன்று ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிருக்குத்தான் பொருத்தம். இந்த மண்ணின் இரும்பும் அலுமினியமும் போடுகிற பொசுபரசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சேதனப் பொருளுக்கு இங்கே பசளை என்பதையும் மீறிய ஒரு வேலை இருக்கிறது. மக்கிய இலைகுழையிலிருந்து வரும் அமிலங்கள் அலுமினியத்தைச் சுற்றிக் கட்டிப்போட்டு நஞ்சை அடக்குகின்றன. கூட்டெரு பற்றி மிகைப்படுத்திப் பேசுபவர்கள் நிறையப் பேர். ஆனால் இந்த ஒரு விடயத்தில் மிகை இல்லை.

மிகை இருப்பது அதன் வேகம் பற்றிய பேச்சில். மக்காத பொருளை நுண்ணுயிர் எப்படித் தின்கிறது என்று பார்த்தால் புரியும். பற்றீரியாவின் உடலில் எட்டுப் பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன். தின்னும் காபனில் மூன்றில் இரண்டு பங்கை அது மூச்சாக வெளியே விடுகிறது, ஒரு பங்குதான் உடலாகிறது. ஆக எட்டுப் பங்கு காபன் உடலில் சேர, 24 பங்கு காபன் தின்ன வேண்டும், அதோடு ஒரு பங்கு நைதரசனும் வேண்டும். போடும் பொருளில் இந்த விகிதம் 24க்கு மேலே போனால் பற்றாத நைதரசனைப் பற்றீரியா மண்ணிலிருந்து பறிக்கும். மரத்தூளில் விகிதம் பல நூறு. வைக்கோலில் 60, 80. இவற்றைப் பச்சையாக மண்ணில் கொத்திவிட்டு நாற்றை நட்டால், வேருக்கும் பற்றீரியாவுக்கும் நடக்கும் போட்டியில் வேர் தோற்கும். நாற்று வெளிறி நிற்கும், நாம் சேதன விவசாயத்தைத் திட்டுவோம். அதே வைக்கோலை மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போட்டால் அவ்வளவு கேடில்லை, போட்டி மேற்பரப்போடு நின்றுவிடும்.

எதிர்ப்பக்கம் கோழி எரு. நைதரசன் மிகை, விகிதம் பத்துக்குப் பக்கம். புதிதாகப் போட்டால் அமோனியா கிளம்பும், உப்பு ஏறும். உப்பு மிகுந்த மண்கரைசலிலிருந்து நீரை இழுக்க முடியாமல் வேர் திணறும். ஏற்கெனவே தாகத்தில் இருப்பதன் வாயில் உப்பைத் திணிப்பதுதான் அந்த ஒரு கை கோழி எரு. வாரக்கணக்கில் குவித்து, 55 முதல் 65 பாகை வரை சூடேறி, ஆறி, மண்வாசனை வந்த பிறகே அது நாற்றுக்கு நல்லது. சந்தேகமாக இருந்தால் ஒரு கோப்பை கூட்டெருவில் கொஞ்சம் பயறோ முள்ளங்கி விதையோ போட்டுப் பாருங்கள். நன்றாக முளைத்து வேர் வெள்ளையாக ஓடினால் நம்பலாம்.

கண்டிப் பகுதியில் வேலிக்கும் மிளகுக் கொடிக்கும் நட்டிருக்கும் கிளிசரியா இரண்டு தீவிரங்களுக்கும் நடுவில் நிற்பது. காய்ந்த இலையில் 3 முதல் 4 சதவீதம் நைதரசன். மென்மையான இலை, சில வாரத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். தெருவோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியும் அப்படியே. பொற்றாசியமும் பொசுபரசும் அதில் அதிகம். காசு கொடுத்து வாங்கும் பைகளைவிட வேலியை வெட்டிப் போடுவது மேல் என்பேன்.

எவ்வளவு சீக்கிரம் மக்கும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. 10 பாகை கூடினால் நுண்ணுயிரின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. நுவரெலியாவின் சராசரி 16 பாகையளவு, கண்டியில் 24, 25. நுவரெலியாவில் கறுத்த மண் சேர்ந்து நிற்பதும், கண்டியில் போட்ட கூட்டெரு ஓரிரு போகத்தில் காணாமல் போவதும் இதனால்தான். இங்கிலாந்துத் தோட்டக்கலைப் புத்தகங்கள், நல்ல பாத்தி ஒன்றைக் கட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்கின்றன. 500 மீற்றர் உயரத்து வெப்பமண்டலத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இங்கே பாத்திக்கு ஒவ்வொரு போகமும் தீனி போட வேண்டும்.

இந்த வேகக் கணக்கைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. முழு நாடும் ஒரே வீச்சில் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டும் என்றார் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. பெரும்போக விதைப்புக்கு அப்போது ஐந்து மாதமே இருந்தது. ஒரு சிறு பெருக்கல் போதும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன். நைதரசன் ஒரு சதவீதம் உள்ள கூட்டெருவால் அதை ஈடுசெய்ய 4,600 கிலோ வேண்டும். அந்தக் கூட்டெருவும் முதல் போகத்தில் தன் நைதரசனில் ஐந்தில் ஒரு பங்கை விடுவித்தாலே பெரிது. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே சீனச் சேதனப் பசளையோடு காத்துக்கிடந்த ஹிப்போ ஸ்பிரிட் கப்பலின் மாதிரிகளில் எர்வினியா பற்றீரியா இருப்பதாக இலங்கை அதிகாரிகள் சொல்லி நிராகரித்தார்கள். பசளை இறங்காமலே 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டியும் வந்தது. நவம்பர் 24ஆம் திகதி தடை நீங்கியது. சேதன விவசாயம் தோற்றது என்று அதைச் சொல்வது சரியல்ல. தயாராகாத பாத்தியில் நட்டார்கள், அதுதான் நடந்தது. மண்ணின் நுண்ணுயிர் வர்த்தமானி படிப்பதில்லை.

தயாரான பாத்தியில் நாற்றுக்கு ஒரு கூட்டாளியும் கிடைக்கும். மைக்கோரைசா என்ற வேர்ப்பங்கசு வேருக்குள் நுழைந்து, வெளியே மண்ணுக்குள் தன் இழைகளை அனுப்பும். வேர்மயிரைவிட மெல்லிய இழை, வேர்மயிர் எட்டாத நுண்துளைக்குள்ளும் போகும். இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்த பொசுபரசைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்து, கூலியாகச் சீனி வாங்கிக்கொள்ளும். 40 கோடி ஆண்டுக்கு முந்திய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தக் கூட்டு தெரிகிறது. தரைத்தாவரங்களில் பெரும்பாலானவை இதை வைத்திருக்கின்றன. கோவா, முள்ளங்கி அடங்கிய கடுகுக் குடும்பம் போன்ற சில வேண்டாம் என்று விலகிக்கொண்டன. தும்புத்தூளில் இந்தப் பங்கசு இருக்காது. பாத்தியில் உயிருள்ள வேர்கள் முன்பே இருந்தால் ஓரிரு வாரத்தில் அக்கம்பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஆழமாகக் கொத்திப் புரட்டினால் வலை அறும். பொசுபரசை அளவுக்கு மீறிப் போட்டாலும் செடியே கதவை மூடிவிடும். பொதியில் விற்கும் பங்கசுத் தூளை நான் பெரிதாக நம்புவதில்லை. நன்றாக வளரும் கிளிசரியா வேலியடி மண் ஒரு பிடி போதும்.

கண்டியின் வீட்டுத் தோட்டங்களில் பலா, தென்னை, கமுகு, கராம்பு, சாதிக்காய், அவற்றில் ஏறிய மிளகு என்று அடுக்கடுக்காக நிற்பதால் மண் உலர்வதில்லை, வலையும் அறுவதில்லை. ஆனால் கறிமிளகாய்க்கும் தக்காளிக்கும் ஆறு மணி நேர வெயில் வேண்டும், பலாவின் கீழ் காய்க்காது. அந்த மரநிழலில் நாற்றை வைத்துக் கடினப்படுத்தலாம், நடுவதற்கு வெளியான இடம் தேடத்தான் வேண்டும். சரிவான காணியில் பாத்தி உயரக்கோட்டுக்கு இணையாகப் போகட்டும், கீழ்ப்பக்கம் கல் அடுக்கியிருக்கட்டும். ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் விழும் மழை கூட்டெருவை மகாவலிக்கு அனுப்பிவிடும். நடுகைக்கு அந்த மழையின் தொடக்கமே தோதான காலம். தை முதல் பங்குனி வரையான வரண்ட காலத்தில் நட வேண்டியிருந்தால் ஒரு வாரத்துக்காவது தென்னோலையோ வாழைமட்டையோ நிழல் கொடுக்க வேண்டும்.

வேர் பிடித்துவிட்டதா என்று அறியப் பிடுங்கிப் பார்க்கத் தேவையில்லை. விடிகாலையில் இலையோரத்தில் வரிசையாக நீர்த்துளி நின்றால், அது பனி மட்டும் அல்ல. இரவில் வேர் உப்பை உள்ளே இழுக்க, நீரும் பின்தொடர்ந்து, அந்த அமுக்கம் இலையோரத் துளைகளால் நீரைத் தள்ளுகிறது. வேர் வேலைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். தக்காளியில் இது நன்றாகத் தெரியும். திரவப் பசளை ஏதும் கொடுப்பதாக இருந்தால் இதற்குப் பிறகு கொடுக்கலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தும் தக்காளி சாகிற ஒரு வழி இந்தப் பிரதேசத்தில் இருக்கிறது. நாற்று நன்றாகப் பிடித்து, பூக்கும் நேரத்தில், இலை மஞ்சளிக்காமலேயே ஒரு நாளில் செடி முழுதும் பச்சையாக வாடும், மாலையில் எழும்பாது. தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் நுனி படத் தொங்கவிட்டால் சில நிமிடத்தில் பால்போல் வெள்ளை நூல் இறங்கும். ரால்ஸ்டோனியா என்ற பற்றீரியா காழ்க்குழாய்களை அடைத்துவிட்டது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் இது வேரின் காயம் வழியாக நுழைகிறது. நாற்று மாற்றும்போது நாம் உண்டாக்கும் காயமும் அதற்கு ஒரு வாசல். கத்தரி, கறிமிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம், மாற்றி மாற்றி நட்டாலும் தப்பாது. சோளம் போன்ற வேற்றுக் குடும்பப் பயிரைச் சில போகம் வைத்தால் தணியும்.

காணி சிறியது, வேறு இடம் இல்லை என்பவர்களுக்கு ஒட்டு நாற்று இருக்கிறது. தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் வாடலைத் தாங்கும் கத்தரி வேர்களில் தக்காளியை ஒட்டும் முறையைப் பரப்பியது. சுண்டங்காய் வேரிலும் ஒட்டலாம். கத்தரி வேர் தேங்கும் நீரையும் தக்காளியைவிட நன்றாகத் தாங்கும், ஐப்பசி மழைக்கு அது கூடுதல் இலாபம். ஒட்டிய வாரம் முழுதும் நாற்றை ஈரக்காற்றுக் கூடாரத்துக்குள், மங்கிய வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இரண்டு செடிகளின் குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை மேல்துண்டுக்கு வேர் இல்லை. பாத்திக்கு மாற்றும்போது மட்டும் ஒரு விதி தலைகீழாகிறது. தக்காளியை ஆழமாகப் புதைக்கலாம் என்றேன் அல்லவா, ஒட்டு நாற்றை அப்படி நடக் கூடாது. ஒட்டு மண்மட்டத்துக்கு நன்றாக மேலே நிற்க வேண்டும், மண் அணைக்கும்போதும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் மேலிருக்கும் தக்காளித் தண்டு தன் சொந்த வேரை விட்டுவிடும், ரால்ஸ்டோனியா அந்த வேரால் ஏறிவிடும்.